கடல்பாசி மேல் நான் போட்ட பழி

என் அம்மாவின் வலது கைக் கட்டைவிரலில் நகம் ஒழுங்காக இருந்து நான் பார்த்ததே இல்லை. முளைக்கும், கறுக்கும், பாதியில் உடைந்து விழும். அம்மாவுக்கு செம்பனைத் தோட்டத்தில் களைக்கொல்லி அடிக்கும் வேலை. இருபது வருடத்துக்கு மேல் முதுகில் மருந்து டப்பாவோடு சேர்ந்த பம்பு. கையுறை கேட்டால், ஆள் சேர்த்து வேலை வாங்கும் கண்ட்ராக்டர் "போன மாசம்தானே குடுத்தேன்" என்பாராம். அந்தப் போன மாதம் எந்த வருடத்தில் வந்துபோனது என்று யாருக்கும் தெரியாது.

கோபம் ஆறியதும் இதை எழுதலாம் என்று காத்திருந்தேன். ஆறவில்லை. எனவே இப்படியே எழுதுகிறேன். இந்தக் கோபத்தில் ஒரு பங்கு எனக்கும் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைப் பெரிய நியாயஸ்தி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

எங்கள் வீடு கெடாவில், பீடோங் பட்டணத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் பத்து நிமிடம். தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளின் பின்சுவர் முடிகிற இடத்தில் தோட்டம் தொடங்குகிறது. நான் செடிகளுக்கு வரும் நோய்களைப் பற்றி மூன்று வருடம் படித்து டிப்ளோமா வாங்கினேன். அந்த டிப்ளோமாவை வைத்துக்கொண்டு பீடோங்கில் ஒரு கைப்பேசிக் கடையில் திரைக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தேன். காற்றுக்குமிழ் இல்லாமல் ஒட்டுவேன். அதற்கும் நான் படித்ததற்கும் என்ன சம்பந்தம் என்று வேலை கொடுக்காதவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

போன நவம்பரில் படிப்பு முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் தொடங்கிய முதல் சண்டை இதுதான்.

"இந்த வேலைய விடும்மா."

"விட்டுட்டு? ஒன் டிப்ளோமாவ வறுத்துத் திங்கவா?"

"மொளகா போடலாம்லா. பின்னாடி எடம் சும்மாதானே கெடக்கு. நான் பாத்துக்கறேன்."

"ஒரு ரோஜாச் செடிய உருப்படியா வெச்சிருக்கியாடி நீ?"

"அது பூச்சி வந்து செத்துச்சு."

"பூச்சிக்குத்தானே மூணு வருஷம் படிச்ச?"

அம்மாவிடம் வாயில் ஜெயிக்க முடியாது. ஆனால் ஒரு வாரம் விடாமல் நச்சரித்தேன். கடைசியில் ஒரு வாக்கு வாங்கினேன். மண் நிரப்பிய இருநூறு பையில் மிளகாய்ச் செடி. சித்திரை பிறப்பதற்குள் காய் ஒழுங்காகப் பிடித்துவிட்டால் வேலையை விட்டுவிடுவார். பிடிக்காவிட்டால் நான் அதற்குப் பிறகு இந்தப் பேச்சை எடுக்கவே கூடாது. "வாயப் பொத்திக்கிட்டு இருக்கணும். சத்தியமா?" "சத்தியமா."

எனக்கு அந்த இருநூறு பையும் மிளகாய்ச் செடியாகவே தெரியவில்லை. ஒவ்வொரு பையும் அம்மாவின் முதுகிலிருந்து அந்த டப்பாவைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவது போல இருந்தது.

ஜனவரியில் வெயில் ஆரம்பித்தது. கெடா வெயிலைத் தெரியாதவர்களுக்கு விளக்கப் போவதில்லை, வந்து நின்று பாருங்கள். வயல் வெடிக்கும், சாக்கடைத் தண்ணீர்கூட வற்றிப்போகும். செடி மதியத்தில் தலை தொங்கும், பூ வைக்கும், வைத்த பூ அப்படியே காம்போடு உதிரும். பக்கத்துத் தாமானில் ஒருவர் போட்ட மிளகாய்க்கு இலைப்பேன் வந்து, அதன் பின்னாலேயே இலைச்சுருட்டை வந்து மொத்தமும் போனது. அடுத்தது நாங்கள்தான் என்று தெரிந்தது.

படிக்கும்போது கடல்பாசிச் சாறு பற்றி எங்களுக்கு ஒரு பாடம் இருந்தது. அது பூச்சியைக் கொல்லாது, பூஞ்சணத்தையும் கொல்லாது. செடிக்கு வேர் இறங்க உதவும், வெயிலைத் தாங்கவைக்கும், நோய் வருவதற்கு முன்பே செடியின் சொந்த எதிர்ப்பைக் கொஞ்சம் உசுப்பிவிடும். அவ்வளவுதான். ஆனால் கடைகளில் பாட்டில் மேல் என்ன எழுதியிருக்கிறது? எல்லா நோயையும் ஒரே வாரத்தில் குணப்படுத்துமாம். வழுக்கைத் தலையில் முடி முளைக்கும் என்று மட்டும்தான் எழுதவில்லை. அந்தப் பாட்டில்களைப் பார்த்தாலே எனக்குக் கடுப்பு ஏறும்.

அதனால்தான் யான் என்கிற கடலோர ஊருக்குப் போனேன். அங்கே ஓர் அக்கா வீட்டிலேயே சாறு எடுத்து விற்கிறார் என்று தோட்டம் போடுகிறவர்களின் கைப்பேசிக் குழுவில் சொன்னார்கள். குனோங் ஜெராய் மலையடிவாரம் சுற்றி, வயல் ஓரமாக மோட்டாரில் போய்ச் சேர்ந்தபோது அந்த அக்கா வீட்டுப் பின்னால் முழங்கால் வரை கைலியைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாசி அலசிக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். காய்ந்த பாசி சபா மாநிலத்துக் கடலிலிருந்து மூட்டையில் வருகிறது. உப்புப் போக நாலைந்து தண்ணீரில் அலசி, டிரம்மில் ஊறவைத்து, காய்ச்சி, வேட்டித் துணியில் வடிகட்டுகிறார். வாடை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது.

"செடிக்கு நோய் வந்துடுச்சா, வர்லையா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"இன்னும் வர்லக்கா."

"அப்பன்னா வாங்கு. வந்ததுக்கு அப்புறம் வந்தீன்னா என் தண்ணி ஒரு மயிரும் புடுங்காது. பேரம் பேசாத, சண்ட போடாத, போயிடு."

எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது. அதுதான் பிறகு நடந்ததற்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

"ஒரு கேலன் தண்ணிக்கு ஒரு மூடி அளவு. கூட ஊத்துனா கூட வளரும்னு நெனைக்காத தங்கச்சி. காலைல வெயில் ஏறதுக்கு முன்னாடி ஊத்து. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா."

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா பாட்டிலை மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"என்னாடி இது, செத்த நண்டு மாதிரி நாறுது?"

"கடல்பாசிம்மா."

"தீபாவளிக்கு செவப்பு, பச்சன்னு கிண்டி வெட்டி வெப்போமே, அதுவா?"

"அதுக்குச் சொந்தக்காரன்."

"செடிக்கு இனிப்பு ஊட்டப் போறா. இதுக்குத்தான் நான் லோன் போட்டுப் படிக்க வெச்சேன்."

முதல் தடவை பூவாளியால் வேருக்கு ஊற்றினேன். இரண்டாவது தடவையும். மந்திரம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் மதியத்தில் தலை தொங்குவது குறைந்தது. பூ நின்றது. பூவுக்குப் பின்னால் குட்டிக் குட்டியாகப் பச்சை மூக்கு எட்டிப் பார்த்தது. அம்மா வேலையிலிருந்து வந்ததும் உடம்பு கழுவிவிட்டு நேராகப் பின்னால் போய் ஒவ்வொரு பையாகக் குனிந்து பார்ப்பார். ஒரு நாள் கையில் இரண்டு விரலை நீட்டிக்கொண்டு வந்தார். "அந்தக் கோடில ரெண்டு காய் வெச்சிருக்கு." குரலில் சிரிப்பு இருந்தது. மறைத்துக்கொண்டார்.

மூன்றாவது தடவை இலை மேலே தெளிப்பது என்று முடிவு செய்தேன். அந்த வாரம் அம்மா வீட்டில் இல்லை. மெர்கோங்கில் இருக்கும் சித்திக்கு ஆப்பரேஷன். பத்து நாள் லீவு போட்டுவிட்டு அங்கே, அலோர் ஸ்டாருக்கு, போயிருந்தார். நான் பின்கட்டிலிருந்து பம்பை எடுத்தேன், ஒரு தடவை தண்ணீர் விட்டு அலசினேன், மூடி அளவு பார்த்து ஊற்றினேன், காலை ஏழு மணிக்கு அடித்தேன். நூற்று இருபது பை முடியும்போது பம்பில் சாறு தீர்ந்தது, கைப்பேசிக் கடைக்கும் நேரமாகிவிட்டது. மீதி எண்பதை நாளைக்கு அடிக்கலாம் என்று கிளம்பினேன்.

மறுநாள் கடைக்குச் சீக்கிரம் போக வேண்டியிருந்ததால் மீதியை அடிக்க முடியவில்லை. அன்று மாலையே நுனி இலைகள் கிண்ணம் போல மடங்கியிருந்தன. அதற்கு மறுநாள் தண்டு முறுக்கிக்கொண்டு பாம்பு போல வளைந்து நின்றது. நூற்று இருபது பையும். எண்பது பை நன்றாக இருந்தது.



நான் படித்தவள் இல்லையா? படித்த மூளை வேலை செய்தது. இது வைரஸ் இல்லை. வைரஸ் இப்படி வரிசை பார்த்து, அடித்த செடி அடிக்காத செடி என்று பார்த்து வராது. இது வளர்ச்சி ஹார்மோன் அதிகமானால் வரும் முறுக்கு. அது வரைக்கும் சரியாகத்தான் யோசித்தேன். அடுத்த படியில்தான் குப்புற விழுந்தேன். இயற்கைச் சாறு என்று விற்கும் பாட்டிலில் செயற்கை ஹார்மோனைக் கலக்கும் திருடர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அந்த அக்காவும் கலந்திருக்கிறார். முடிந்தது. தீர்ப்பு எழுதிவிட்டேன்.

ஒரு போன் அடித்துக் கேட்டேனா? இல்லை. செடிகளுக்கு நடுவில் நின்று வீடியோ எடுத்தேன். பாட்டிலைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தேன். "யான்ல இருந்து வாங்கின தண்ணி. எங்கம்மா வாழ்க்கைய நாசம் பண்ணிடுச்சு. இந்த அக்காகிட்ட யாரும் வாங்காதீங்க, இதுல என்னென்னமோ கலக்குறாங்க." அழுகை வேறு. நடிப்பு இல்லை, நிஜ அழுகைதான். சித்திரைக்கு ஆறு வாரம்தான் இருந்தது, அம்மா மறுபடி மறுபடி வேலைக்குக் கூட்டிப்போகும் அந்த லாரியில் ஏறுவது கண்ணுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் நிஜ அழுகை என்பதால் அது சரியாகிவிடுமா? குழுவில் போட்டேன். அரை மணி நேரத்தில் பரவியது. "நல்லா கேட்டீங்க சிஸ்." "இவங்கள போலீஸ்ல குடுக்கணும்லா." முன்பின் தெரியாதவர்கள் கைதட்டும்போது வரும் சுகம் இருக்கிறதே, அதைப் போல அசிங்கம் ஒன்று கிடையாது.

மறுநாள் காலை அந்த அக்கா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். குழுவில் வீட்டை விசாரித்துக்கொண்டு யானிலிருந்து மோட்டாரில் வந்திருந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வீடியோல பெரிய ஆளு மாதிரி இருந்த. நேர்ல அதே சின்னப் புள்ளதான்."

"எதுக்கு வந்தீங்க?"

"என் தண்ணிய வாங்கி விக்கிற மெர்கோங் நர்சரிக்காரன் இருந்த பாட்டில் எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்கச் சொல்லிட்டான். எதுக்கு வந்தேன்னு கேக்குறியா? எட்டு போன் போட்டேன், எடுத்தியா?"

"எடுத்து? கலந்தேன்னு ஒத்துக்கப் போறீங்களா?"

"நான் கலந்தேன்னு நீ பாத்தியா?"

"செடிய வந்து பாருங்க. கண்ணு இருக்குல்ல?"

பார்த்தார். நூற்று இருபதையும் மெதுவாக நடந்து பார்த்தார். ஒரு முறுக்கிய தண்டைத் தொட்டு விட்டுவிட்டார். முகம் இறங்கியது. எனக்கு அப்போது உள்ளுக்குள் ஒரு திருப்தி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

"என் பாட்டில்ல மிச்சம் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். தன் மோட்டார் கூடையிலிருந்து ஒரு சின்னப் பூவாளியை எடுத்தார், எங்கள் குழாயில் தண்ணீர் பிடித்து மூடி அளவு ஊற்றினார், நன்றாக இருந்த எண்பதில் கடைசி ஐந்து பைக்கு இலை நனைய ஊற்றினார்.

"ரெண்டு நாள் பாரு. சுருண்டுச்சுன்னா, நானே வீடியோ போட்டு நான் திருடின்னு சொல்றேன். சரியா? இப்ப நீ எதால அடிச்ச, அதக் கொண்டா."

"பம்பு. எதுக்கு?"

"அதுல வெறும் தண்ணி மட்டும் ஊத்தி, பக்கத்து அஞ்சு பைக்கு அடி."

"என்ன, இப்ப எங்க பம்பு மேல பழியா? நல்லாருக்குலா ஒங்க கத."

"பயமா இருந்தா அடிக்காத." ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பயமா? எனக்கா? அந்த அக்காவின் மூக்கை உடைக்க வேண்டும் என்பதற்காகவே மாலையில் பம்பில் தண்ணீர் நிரப்பி வைத்து, காலையில் ஐந்து பைக்கு அடித்தேன்.

இரண்டு நாளில் அக்கா ஊற்றிய ஐந்தும் நிமிர்ந்து நின்றன. நான் வெறும் தண்ணீர் அடித்த ஐந்தும் நுனி மடங்கியிருந்தன. கொஞ்சம் லேசாக, ஆனால் அதே மடங்கல்.

களைக்கொல்லியிலும் செயற்கை ஹார்மோன் வகை உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது. பின்கட்டுக்கு ஓடினேன். அங்கே இரண்டு பம்பு உண்டு. இரண்டும் நீலம், ஒரே அளவு. ஒன்று அம்மா வேலைக்குத் தூக்கும் பம்பு. இன்னொன்று நவம்பர் கடைசியில் மிளகாய்க்கென்று நானும் அம்மாவும் போய் வாங்கியது. நான் எடுத்து அடித்த பம்பின் வயிற்றில் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்து, அது காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. ஆயுத பூஜைக்கு வைத்தது. அதைப் பார்த்துத்தான் எடுத்தேன். சாமி கும்பிட்ட பம்பு வீட்டுப் பம்பாகத்தானே இருக்கும்? விஷம் அடிக்கிற டப்பாவுக்கு எவராவது பொட்டு வைப்பார்களா? அப்படித்தான் என் மண்டை ஓடியது. மிளகாய்ப் பம்பு வாங்கியதே ஆயுத பூஜை முடிந்து ஒரு மாதம் கழித்துத்தான் என்பது மண்டையில் ஏறவே இல்லை.

அம்மாவுக்குப் போன் அடித்தேன்.

"ம்மா, பொட்டு வெச்ச பம்பு எது?"

"வேலப் பம்பு. ஏன்?"

"வேலப் பம்புக்கு எதுக்கும்மா பொட்டு வெச்ச?"

"இது என்னா கேள்வி? அதுதானே நமக்குச் சோறு போடுது. அதுக்கு வெக்காம அம்மிக்கா வெப்பாங்க?" பிறகு குரல் மாறியது. "ஏய். நீ எத எடுத்து அடிச்ச?"

நான் சொல்லவில்லை. சொல்லாததிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. "அதத் தொடாத, நான் வரேன்" என்று போனை வைத்தார்.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் கண்ட்ராக்டர் வாழைப்பழமும் பொரியும் கொண்டுவருவாராம். லாரிச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். எல்லாப் பெண்களும் பம்புகளை வரிசையாக வாழை இலையில் வைத்து, பொட்டு வைத்து, கற்பூரம் காட்டுவார்களாம். அது தோட்டத்திலேயே நடக்கும்; பள்ளி நாளிலும் சரி, ஹாஸ்டல் நாளிலும் சரி, நான் அங்கே போய்ப் பார்த்ததில்லை. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. நகத்தைத் தின்ற டப்பாவுக்குச் சந்தனம். நெஞ்சு எரிச்சல் தந்த டப்பாவுக்குக் கற்பூரம். கையுறை கொடுக்காதவர் பொரி கொடுக்கிறார், இவர்கள் அதையும் சிரித்துக்கொண்டு வாங்கி முந்தானையில் முடிகிறார்கள்.

அன்று மாலையே அம்மா வந்துவிட்டார். பைகளைப் பார்த்தார். நுனி மடங்கிய செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். விஷம் பட்ட செடியின் காயை யாருக்கும் கொடுக்க முடியாது. நானும் சேர்ந்து பிடுங்கினேன். நூற்று இருபத்தைந்து. அம்மா இரண்டு விரலை நீட்டிக் காட்டிய அந்தக் கோடி வரிசையும் போனது. மிச்சம் எழுபத்தைந்து.

"அந்த அக்காவுக்கு வீடியோ போடணும்மா," என்றேன். "நான்தான் தப்புன்னு."

"என்னான்னு சொல்லுவ?"

"வேலப் பம்பால அடிச்சிட்டேன்னு."

"பைத்தியமாடி? வேலப் பம்பு வீட்டுல இருக்கக் கூடாது. தோட்டத்து சட்டம். கண்ட்ராக்டர்தான் ஸ்டோர் தெறக்கச் சோம்பேறித்தனப்பட்டு எல்லாரையும் வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்றான். வெளிய தெரிஞ்சா அவன் எங்க தலையிலதான் கட்டுவான். இருக்குற எழுபத்தஞ்சு பைக் காயையும் எவ வாங்குவா? யானுக்குப் போ, அந்தப் பொண்ணுகிட்ட கைல கால்ல விழு. வீடியோ கீடியோ வேணாம்."

போனேன். அக்கா பாசி அலசுவதை நிறுத்தவே இல்லை.

"ஸாரிக்கா. என் மேலதான் தப்பு."

"ஊரு பூரா கேக்கத் திட்டிட்டு, கொல்லப்பக்கம் வந்து காதுல ஸாரி சொல்றியா? நல்ல படிப்பு. கெளம்பு."

அப்போதும் எனக்குத் தைரியம் வரவில்லை. அரைகுறையாக ஒரு வீடியோ போட்டேன். "உபகரணத்தில் கோளாறு, சாறில் பிரச்சினை இல்லை." பத்தே நிமிடத்தில் அந்த அக்காவிடமிருந்து போன்.

"உபகரணம்னா என்னாது? என் டிரம்மா? எல்லாரும் என் டிரம்முலதான் கோளாறுன்னு பேசிக்கிறாங்க. நீ முன்னாடி போட்டதே தேவல."

போனை வைத்துவிட்டார். நான் பின்கட்டுக்குப் போய் அந்தப் பம்பைத் தூக்கிக்கொண்டு வந்து, கேமராவுக்கு முன்னால் பொட்டு தெரிகிற மாதிரி வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். இது எங்கம்மா களைக்கொல்லி அடிக்கிற பம்பு. இதை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னது கண்ட்ராக்டர். எடுத்து அடித்தது நான். சோதித்துப் பார்க்கச் சொன்னதே அந்த அக்காதான். கெட்ட செடியெல்லாம் பிடுங்கிப் போட்டாகிவிட்டது. அந்தச் சாறு நல்ல சாறு, நோய்க்கு மருந்து என்று அவர் ஒரு நாளும் பொய் சொல்லி விற்றதில்லை. அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போட்டிருக்க மாட்டேன்.

முதல் வீடியோ பரவியதில் பாதிகூட இது பரவவில்லை. கண்ட்ராக்டருக்கு மட்டும் சரியாகப் போய்ச் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் பிக்கப் காடியை எங்கள் வாசலில் குறுக்காக நிறுத்திவிட்டு இறங்கினார்.

"யக்கா, பம்ப வீட்டுக்குக் கொண்டு போன்னு நானா சொன்னேன்?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் பேசினேன்.

"நீங்கதாண்ணே சொன்னீங்க. எல்லாரு வீட்டுலயும்தானே இருக்கு. போயி எண்ணிப் பாப்போமா?"

"ஏ பொண்ணு, பெரியவங்க பேசறப்ப வாய மூடு."

"கையுறை கேட்டாலும் வாய மூடு, பம்பு பத்தி கேட்டாலும் வாய மூடா? ஒங்க வீட்டு அக்காவ ஒரு நாள் தூக்கச் சொல்லுங்கண்ணே."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பின்கட்டுக்குப் போய் வேலைப் பம்பைத் தூக்கிக் காடியின் பின்னால் போட்டார். "நாளைலேருந்து வர வேணாங்க்கா. தோட்டத்துல கேட்டா நான் என்னா பதில் சொல்றது?" போய்விட்டார். இருபது வருடம் அவ்வளவு நேரத்தில் முடிந்தது.

அம்மா வாசலில் நின்றுகொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இப்ப ஒனக்குச் சந்தோஷமா?"

பொய் சொல்ல வரவில்லை. "ஆமாம்மா. இனிமே நீ அதத் தூக்க வேணாம்."

அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் பரவாயில்லை.

"நான் விடணும்டி," என்றார். "சித்திர பொறந்ததும் ஒரு நாள் காலைல அந்த லாரி வந்து நிக்கும், நான் நேரா அவன்கிட்ட போயி, 'இந்தா ஒன் பம்பு, நான் வர்ல, ஆளப் பாத்துக்க'ன்னு சொல்லணும். எத்தன நாளா மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு இருந்தேன் தெரியுமா? மரத்துக்கு மரம் அடிச்சிக்கிட்டே அதத்தான் சொல்லிப் பாத்துக்குவேன். அத நீயும் அவனும் சேந்து பறிச்சிட்டீங்க."

அவர் வேலையை விட வேண்டும் என்று கத்திக்கொண்டிருந்த எனக்கு, விடுவதை அவர் எப்படி ஆசைப்பட்டு வைத்திருக்கிறார் என்று ஒரு தடவை கேட்கத் தோன்றவில்லை.

சித்திரை போய்விட்டது. எழுபத்தைந்து பையும் காய்க்கின்றன. ஒரு குடும்பத்துக்கு அது போதாது, அம்மா கூடவே கத்தரியும் போட்டிருக்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை யானுக்குப் போய்ச் சாறு வாங்குவது அம்மாதான். அந்த அக்கா அம்மாவை உட்காரவைத்துக் கோப்பி கொடுக்கிறாராம், நர்சரிக்காரர் மறுபடி வாங்க ஆரம்பித்துவிட்டாராம். எனக்கு மட்டும் விற்க மாட்டாராம். சரி, விற்க வேண்டாம். பாசாரில், அம்மா போட்டிருக்கும் சந்தைக் கடையில் சிலர் "இது அந்த வீடியோ மொளகாயா?" என்று கேட்டு வாங்காமல் போகிறார்கள். அம்மா ஒவ்வொருவரிடமும் பொறுமையாக விளக்குகிறார். நான் பக்கத்தில் நின்றால் "நீ தள்ளிப் போ, ஒன் மூஞ்சியப் பாத்தா ஒருத்தரும் வாங்க மாட்டாங்க" என்று துரத்துகிறார்.

போன வாரம் அம்மாவோடு மருந்து அடித்த ஓர் அக்கா பாசார் கடைக்கு வந்தார். ஆள் பற்றவில்லையாம், கண்ட்ராக்டர் அம்மாவைத் திரும்ப வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார். இப்போது கையுறைகூடத் தருகிறாராம். அவரே வந்து கேட்க முகமில்லை, ஆள் அனுப்புகிறார்.

அம்மா மிளகாயை நிறுத்துப் பையில் போட்டு முடிச்சுப் போட்டார். பிறகு நிமிர்ந்து நின்று, பாசாருக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

"போயிச் சொல்லு. நான் வர்ல, ஆளப் பாத்துக்கன்னு சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

அந்த அக்கா சிரித்தார். "சரிக்கா, சரிக்கா" என்று மிளகாயை வாங்கிக்கொண்டு நழுவினார். நாளைக்கும் அதே லாரியில் ஏற வேண்டியவர். அவர் எங்கே போய்ச் சொல்லப் போகிறார்? உடம்பு சரியில்லை, வீட்டில் வேலை என்று எதையாவது மென்று விழுங்கியிருப்பார்.

அதனால் நான் சொல்கிறேன். அண்ணே, எங்கம்மா வரமாட்டாங்க. வேற ஆளப் பாத்துக்குங்க. இத அவங்கதான் சொன்னாங்க, நான் இல்ல.